இல்லாத இருபத்தொன்பது

முனகாதா கியோவுக்கு ஐம்பத்துமூன்று வயது. அதில் இருபத்தொன்பது வருடத்தை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிறர் எழுதியதைப் படிப்பதிலேயே கழித்திருந்தாள். தோக்கியோவில் ஒரு பதிப்பகத்தின் பிழை திருத்தும் பிரிவில் வேலை. கதையில் காதலன் நிலவைப் பார்த்து உருகினால், அந்தத் தேதியில், அந்த ஊரில், அந்த நேரத்தில் நிலவு இருந்ததா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவாள். இல்லையென்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதிவிடுவாள். அதற்குப் பிறகு காதலர்கள் பாடு அமாவாசைதான்.

பென்சில் கேள்விதான் கேட்கலாம். முடிவு சொல்வது எழுத்தாளரின் சிவப்பு மை. இந்த ஒரு சட்டத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை. தப்பு விட்டவள் என்ற பேரும் அவளுக்கு இல்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை மறைக்கத் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

நவம்பர் மாதம் ஒரு காலையில் பதிப்பாசிரியர் ஹாசெபே ஒரு அஞ்சலட்டையோடு அவள் மேஜைக்கு வந்தான். முப்பத்துநாலு வயது, எப்போதும் அவசரத்தில் இருப்பவன்.

"முனகாதா-சான், காலங்காத்தால உங்க வயித்துல புளியைக் கரைக்கலாமா?"

"கரைச்சுட்டுத்தானே போவீங்க. கொடுங்க."

ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'உப்புக்காற்று ரயில்' ஆறாம் பாகத்தில் சிகுசா என்ற பெண் ஷோவா அறுபதாம் வருடம், அதாவது 1985-இல், பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி அலையில் அடித்துச் செல்லப்படுகிறாள். ஷோவா அறுபது லீப் வருடம் இல்லையே, அந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தானே? அவ்வளவுதான் விஷயம். கீழே பணிவாக ஒரு வணக்கம்.

கியோ அட்டையை இரண்டு முறை படித்தாள். பிறகு விரலைவிட்டு எண்ணினாள். வாசகர் சொன்னது சரி.

'உப்புக்காற்று ரயில்' பதினாறு பாகம் வந்த தொடர். இருமா தோகிகோ என்ற பெண்மணி எழுதியது. தொலைக்காட்சியில் சித்திரப்படமாக வந்து, பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் டப்பா வரைக்கும் போனது. மூலக்கதையில் சிகுசா சின்னப் பாத்திரம்தான். கடலோர நிலையத்தில் டிக்கெட் கிழிக்கும் பதினேழு வயதுப் பெண். ஆறாம் பாகத்தில் மூன்று வரியில் செத்துப்போவாள். உடல் கிடைத்ததாகக்கூடக் கதையில் இல்லை. ஆனால் தோகிகோ பிற்பாடு அந்த ஒருத்தியை வைத்தே ஆறு கைதென் எழுதினார். கைதென் என்றால் கிளைக்கதை; மூலக்கதைக்கு வெளியே நின்று சொல்லும் கதை. சிகுசா நீச்சல் கற்றது, சிகுசா வீட்டைவிட்டு ஓடித் திரும்பியது, சிகுசாவின் ஒரு கோடை என்று வாசகர்கள் கேட்கக் கேட்க எழுதினார்.

கிளைக்கதைக்கு ஒரே ஒரு விதி. மூலக்கதை சொன்னதை மீறக் கூடாது. அங்கே செத்தவரை இங்கே பிழைக்க வைக்கக் கூடாது; சாவதற்கு முன்னால் உள்ள நாட்களில் இடம் தேடித்தான் எழுத வேண்டும். அந்த நாட்களைக் கணக்கு வைப்பது கியோவின் வேலை. சிகுசாவின் பதினேழு வருடத்தையும் நீளமான ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். கட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, கடைசியில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. அந்த இருபத்தொன்பதாம் தேதி. தோகிகோ இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஏழாவது கிளைக்கதை அந்த நாளில்தான் நடக்கிறது. முழுத் தொகுப்பின் கடைசிப் புத்தகமாக அது வருவதாக விளம்பரமும் போட்டாயிற்று.

"இருபத்தெட்டுன்னு திருத்திட்டா ஏழாவது கதைக்கு நிக்க நாளே கிடையாது," என்றான் ஹாசெபே. "திருத்தலேன்னா இந்த அட்டை மாதிரி ஆயிரம் வரும். எப்படிப் பாத்தாலும் உதை நமக்குத்தான். நீங்களே சோஷியில அவங்க வீட்டுக்குப் போய் தோகிகோ சென்செய்கிட்ட பேசிடுங்களேன். என்னைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது."

"ஏன்?"

"சிகுசாவை உயிரோட கொண்டு வந்துடுங்க, நல்லா விக்கும்னு ஒரு தடவை சொல்லித் தொலைச்சேன்."

கியோ அவனை ஒரு பார்வை பார்த்தாள். சிகுசா தோகிகோவின் மகளைப் பார்த்து எழுதிய பாத்திரம் என்பதும், அந்த மகள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள் என்பதும் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்போது, எப்படி என்று யாரும் கேட்டதில்லை. மகள் போன மறுவருடம்தான் முதல் கிளைக்கதை வந்தது.

அன்று பிற்பகல் கியோ கட்டடத்தின் நிலவறைக்குப் போனாள். தப்பு எங்கே நுழைந்தது என்று தெரியாமல் எழுத்தாளர் முன்னால் போய் நிற்க அவளால் முடியாது. ஆறாம் பாகத்தின் பழைய புரூஃப் ஒரு காகிதப் பெட்டியில் கிடைத்தது. நூற்றுத் தொண்ணூற்றுமூன்றாம் பக்கம். 'பிப்ரவரி 28, மாதத்தின் கடைசி நாள்' என்று அச்சாகியிருந்தது. அதன் மேல் பென்சிலில், '29 அல்லவா?' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் சிவப்பு மையில் தோகிகோவின் வட்டம்: ஆகட்டும்.

பென்சில் எழுத்து அவளுடையது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் எழுதியது.

எப்படி நடந்தது என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது ஹெய்செய் எட்டாம் வருடம், அதாவது 1996; சக்கரவர்த்தி மாறினால் ஜப்பானில் வருடக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். ஹெய்செய் கணக்கில் நாலால் வகுபடும் வருடம் லீப் வருடம். எல்லாரும் அப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய சக்கரவர்த்தியின் ஷோவா கணக்கில் அந்தச் சூத்திரம் செல்லாது. இருபத்துநாலு வயதுக் கியோ அறுபதை நாலால் வகுத்தாள், மீதி வரவில்லை, உடனே பென்சிலை எடுத்துவிட்டாள். எழுத்தாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி அவள்தான்.

அவமானத்தில் காது சுட்டது. அப்போதுதான் பக்கத்தின் ஓரத்தில் வேறொரு எழுத்தைப் பார்த்தாள். பச்சைப் பென்சில். சின்னதாக இரண்டே எழுத்து. 'இருந்தபடியே விடவும்' என்பதற்குப் புரூஃபில் போடும் குறி அது. அதிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு புறப்பட்டு அச்சிலிருந்த 28 வரைக்கும் போயிற்று. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கோடு தெளிவாக இருந்தது. இருபத்தெட்டுதான் சரி, அதை மாற்றாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரிவில் பச்சைப் பென்சில் வைத்திருந்தவர் யாரும் அவள் நினைவில் இல்லை. புரூஃபை உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சோஷி ரயிலில், ஹாசெபே கொடுத்தனுப்பிய ஏழாவது கதையைப் படித்தாள். முடிவு எழுதப்படவில்லை.

கதையில் அலை வந்துவிட்டுப் போகிறது. சிகுசா அலைத்தடுப்பின் கல் மேல் எழுந்து நிற்கிறாள். உடை நனைந்திருக்கிறது, குளிரவில்லை. ஊருக்குள் நடந்து வருகிறாள். மீன் கடை திறந்திருக்கிறது, நிலையத்தில் ரயில் நிற்கிறது, எல்லாரும் இருக்கிறார்கள். "இன்னிக்கு என்ன தேதி?" என்று மீன்காரியைக் கேட்கிறாள். மீன்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செதிலைச் சுரண்டுகிறாள். நிலையத்தில் நேற்றைய செய்தித்தாளும் நாளைய செய்தித்தாளும் இருக்கின்றன, இன்றையது இல்லை. வீட்டுக்கு வருகிறாள். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கிறாள். "இன்னிக்கு என்ன தேதி?" அம்மா திரும்பவில்லை. மறுபடி வெளியே போகிறாள். மறுபடி மீன்காரி. பொழுதும் சாயவில்லை, பசியும் தீரவில்லை. நாற்பது பக்கத்தில் முப்பத்தொரு முறை அந்தப் பெண் அதே கேள்வியைக் கேட்கிறாள். எண்ணுவது கியோவின் பழக்கம். நாற்பதாவது பக்கத்தில் அவள் படிக்கிறவரைப் பார்த்தே கேட்பதுபோல இருந்தது.

கியோ தாளை மூடினாள். இன்று என்ன தேதி என்று அவளுக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணியைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தவள், பயந்து மூடிக்கொண்டாள். டிக்கெட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் மூச்சு சீராயிற்று.

தோகிகோவின் வீடு கடலுக்கு மேலே மேட்டில் இருந்தது. எழுபது வயது, ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் பள்ளிக்கூட வாத்தியார் குரல். தேநீரும், சோயா சாறு ஊறி மெத்தென்றிருந்த அரிசி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுங்க. மொறுமொறுன்னு இல்லையேன்னு அந்த ஹாசெபே மூஞ்சியைச் சுளிச்சான். ஊறினதைத்தான் இங்க திம்பாங்கன்னு சொன்னேன். அவனுக்கு எல்லாமே மொறுமொறுன்னு இருக்கணும்."

மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. மூன்று நாலு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று நாலு அடி. கியோ மேலே பார்த்தாள்.

"காத்து," என்றார் தோகிகோ. ஒரு வாய் தேநீர் குடித்தார். "வர்றவங்ககிட்ட அப்படித்தான் சொல்றது."

கியோ அஞ்சலட்டையை மேஜைமேல் வைத்தாள். தோகிகோ படித்துவிட்டுச் சிரித்தார்.

"இருபத்தெட்டு வருஷமா இந்த அட்டை எப்ப வரும் எப்ப வரும்னு இருந்தேன். இந்த நாட்டுல கணக்கு தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். இருபத்தொன்பதாவே இருக்கட்டும், முனகாதா-சான். திருத்த வேணாம்."

"சென்செய், இல்லாத தேதி..."

"இல்லாத தேதின்னுதான் இருக்கட்டும்னு சொல்றேன்." பிஸ்கட்டைப் பிய்த்தார், தின்னவில்லை. "ஆறாம் பாகம் வந்து நாலு மாசத்துல என் பொண்ணு மினோரி போயிட்டா. நான் எழுதின அதே அலைத்தடுப்பு. அதே காத்து. வயசும் அதே பதினேழு. எழவு வீட்டுல ஒருத்தி வாய்விட்டே கேட்டா, 'எழுதி வச்சு அனுப்பிட்டீங்களே'ன்னு. நான் பதில் சொல்லல. என்னன்னு சொல்றது? ஆனா அவ போனது பிப்ரவரி இருபத்தெட்டு. நான் எழுதினது இருபத்தொன்பது. அதுவும் காலண்டர்லயே இல்லாத நாள். அப்ப நான் எழுதினது வேற, அவளுக்கு நடந்தது வேற. இல்லையா? அந்த ஒரு நாள் இடைவெளியிலதான் இத்தனை வருஷமா மூச்சு விட்டுட்டு இருக்கேன்."

கியோவுக்கு மடியிலிருந்த பை கனத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். தப்பு என்னுடையது, நீங்கள் எழுதியது இருபத்தெட்டு என்று சொல்லி, தலைகுனிந்து வணங்கி, திருத்திக்கொண்டு போய்விடலாம் என்று ரயிலில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். இப்போது அதைச் சொன்னால் இந்த மனுஷிக்கு அந்த ஒரு நாளும் இல்லாமல் போகும். மகள் செத்த தேதியை நாலு மாதம் முன்னாலேயே தன் கையால் எழுதியவள் ஆகிவிடுவாள். சொல்லாமல் போய்விடுவது என்று கியோ தீர்மானித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பைத் தெரிந்தே விட்டுவிட்டுப் போக மனது ஒப்பியது.

"ஏழாவது கதையை முடிச்சுடுவீங்களா, சென்செய்?"

"முடியல." தோகிகோவின் குரல் இறங்கியது. "அந்த நாள்ல அவ சந்தோஷமா இருக்கணும், அவ்வளவுதான் ஆசை. யாரும் தொட முடியாத நாள் இல்லையா அது? சிரிக்க வைக்கலாம்னு பேனாவை எடுத்தா, தேதி கேக்குறா. கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதினா மறுபடி கேக்குறா." மாடியைப் பார்த்தார். "தாள்ல மட்டும் இல்ல. அங்க இருந்தும் கேக்குறா. இந்தக் கதையை ஆரம்பிச்ச நாள்லேருந்து. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எந்தத் தேதியைச் சொல்றது?"

மாடியில் நடை நின்றிருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. கியோ பையை இறுக்கிப் பிடித்தாள்.

"அதுல என்ன? தூங்குற குழந்தை மாதிரி பிடிச்சிருக்கீங்க."

"ஒண்ணுமில்ல, சென்செய்."

"இருபத்தொன்பது வருஷமா அடுத்தவங்க பொய்யைப் பிடிக்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணு சொல்ல வரலையே. பழைய புரூஃபா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் கியோவுக்கு ஏது? தலை தானாக ஆடிவிட்டது. தோகிகோ கையை நீட்டினார். கியோ உறையைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு தரையில் நெற்றி படக் குனிந்தாள்.

"தப்பு என்னோடது. ஷோவா வருஷத்தை ஹெய்செய் கணக்குல வகுத்துட்டேன். நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

கியோ நிமிரத் துணியவில்லை. பிறகு தோகிகோ பேசினார், நிதானமாக.

"இருபத்தெட்டு. என் கைதான். மறந்துட்டேன்னு நானே என்னை நம்ப வச்சிருந்தேன் போல." தாள் சரசரத்தது. "அந்த ஒரு நாளை எனக்குக் கொடுத்தது நீங்களா? யாருன்னு தெரியாமலே எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கேன். கடைசியில நீங்களே வந்து வாங்கிட்டுப் போறீங்க."

"இருபத்தொன்பதாவே விட்டுடலாம், சென்செய். நான் பாத்துக்கறேன். அட்டைக்கு நான் பதில் எழுதிக்கறேன்."

தோகிகோ கேட்டதாகவே தெரியவில்லை. தாளின் ஓரத்தில் விரலை வைத்திருந்தார்.

"இது மினோரியோட பச்சைப் பென்சில். என் புரூஃப் எல்லாத்தையும் எனக்கு முன்னாலயே படிச்சுடுவா. உங்க குறியெல்லாம் கத்துக்கிட்டு, பெரிய மனுஷி மாதிரி போட்டு வைப்பா. இதை நான் பாக்கவே இல்லையே. எப்படிப் பாக்காம போனேன்?" தாளை மேஜையில் வைத்துக் கியோ பக்கம் திருப்பினார். "முனகாதா-சான், உங்களைக் கேட்டா சரியாச் சொல்வீங்க. இது குறியா? இல்ல, என்னைக் கூப்பிட்டிருக்காளா?"

அந்த இரண்டு எழுத்து 'மமா'. இருந்தபடி என்ற சொல்லின் சுருக்கமாகப் புரூஃபில் அப்படித்தான் எழுதுவார்கள். ஜப்பானில் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுவதும் அதே இரண்டு எழுத்தால்தான்.

கியோவுக்குப் பதில் தெரியும். குறிதான். கோடு நேராக 28க்குப் போகிறது. அந்தப் பெண் தான் சாகப்போகும் தேதியைத் தன் கையாலேயே நிலைநிறுத்தி வைத்திருக்கிறாள், தாய் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு இந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியுமா?

"உங்களைத்தான் கூப்பிட்டிருக்கா," என்றாள் கியோ.

ஒரு குறியைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. தோகிகோ கண்டுபிடித்துவிடுவாரோ என்று கண்ணைத் தாழ்த்தித் தாளைப் பார்த்தாள். கோட்டைக் காணோம். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அச்சிலிருந்த 28க்கும் பச்சை எழுத்துக்கும் நடுவில் வெறும் தாள்தான் இருந்தது. அழித்த தடம்கூட இல்லை. ஓரத்தில் அந்த இரண்டு எழுத்து மட்டும் யாரையோ பார்த்தபடி தனியாக இருந்தது. நிலவறையில் உருப்பெருக்கி வைத்து அவள் பார்த்த கோடு அது. அவள் சொன்னது பொய்யா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை.

"கூப்பிட்டிருக்கா," என்றார் தோகிகோ. "பக்கத்து அறையில உக்காந்து கூப்பிட்டிருப்பா. நான் சிவப்புப் பேனாவைத் தேடிட்டு இருந்திருப்பேன். கம்பெனிக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வட்டத்தைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன். திரும்பிக்கூடப் பாக்கல." முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கும் பாக்கல. அந்தக் கதையிலயும் முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்கிறேன். அவ எத்தனை தடவை வந்து வந்து கேட்டுட்டா. நான் மூச்சு விடணும்னு அவளை அந்த நாள்ல அடைச்சுப் போட்டுட்டேன்."

"சென்செய்..."

"எழுதினது நான்தான், முனகாதா-சான். அதை நானே வச்சுக்கறேன். அவ எதுக்கு அதுக்குள்ள நடந்துட்டு இருக்கணும்?"

அவர் பெட்டியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். புரூஃபில் கியோ பென்சிலால் எழுதியிருந்த 29ஐ அடித்தார். ஏழாவது கதையின் நாற்பது பக்கத்தையும் தட்டி அடுக்கி, முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். மாடியில் நடை மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. படிக்கட்டு வரைக்கும் வந்தது, ஒவ்வொரு படியாக இறங்கியது. கியோ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்களோ, இருந்துவிடுவார்களோ, எது அதிக பயம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தோகிகோ திரும்பினார். கடைசிப் படியைப் பார்த்து, அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"என்னடா கண்ணு?"

கொஞ்ச நேரம் எதையோ காதில் வாங்கிக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

"இருபத்தெட்டு," என்றார். "இன்னிக்கு இருபத்தெட்டு, கண்ணு."